விடியலில் ஏன் பால் வெட்டினார்கள்?

மலேசியாவில், கெடாவின் கூலிம் மாவட்டத்தில் பாடாங் மேஹா, பாடாங் செராய், லூனாஸ், காராங்கான் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கித்தா எனும் ரப்பர் மரத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அதன் நிழலில் விளையாடி, அது கொடுத்த பாலில் வந்த சம்பளத்தில் படித்தவர்கள் அவர்கள். ஆனால் பேரப்பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும். இருட்டில் எழுந்து ஏன் வேலைக்குப் போனீர்கள்? மரத்தில் கோடு ஏன் சாய்வாக இருக்கிறது? கொட்டை ஏன் வெடிக்கிறது? "அப்படித்தான் வழக்கம்" என்பதற்கு மேல் பதில் கேட்டவர்கள் குறைவு. அந்த வழக்கம் ஒவ்வொன்றுக்கும் மரத்துக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது.

இருட்டில் ஏன் வெட்ட வேண்டும்?

பால் மரத்தின் நடுத்தண்டில் இல்லை. பட்டையின் உட்பகுதியில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்களில் இருக்கிறது. பகலில் இலைகள் தம்முடைய நுண்துளைகள் வழியாக நீரை ஆவியாக வெளியே விடுகின்றன. வேர் இழுக்கும் நீர் அந்தச் செலவுக்கே சரியாகப் போய்விடும். இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். வேரோ நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் விடிவதற்கு முன் பால்குழாய்கள் புடைத்து நிற்கின்றன. அந்த நேரத்தில் அவற்றுக்குள் இருக்கும் அழுத்தம் 10 வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு அது. உளி பட்டதும் பால் பீறிட்டு வருவது இதனால்தான்.

வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். ஒருவருக்கு ஒதுக்கிய நிரையில் நூற்றுக்கணக்கான மரங்கள் இருக்கும். கடைசி மரத்தையும் வெயிலுக்கு முன் வெட்டி முடிக்க வேண்டுமென்றால் முதல் மரத்தை இருட்டிலேயே தொட்டாக வேண்டும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்புக்கும் பூரானுக்கும் நடுவே போனதற்கு மரத்தின் இந்த நீர்க்கணக்கே காரணம். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு ஓடிய தாய்மார்கள்தான் அந்தக் கணக்குக்கு அதிக விலை கொடுத்தார்கள்.

கோடு ஏன் இடமிருந்து வலமாக இறங்குகிறது?

வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும், சுமார் 30 பாகைச் சாய்வில் இருக்கும். பால் வழிந்து, அதைப் பிடிக்கும் கிண்ணமான மங்கில் விழுவதற்கு எந்தப் பக்கச் சாய்வும் போதுமே, ஏன் இந்தப் பக்கம் மட்டும்? பால்குழாய்கள் நேர் செங்குத்தாக நிற்பதில்லை. சில பாகை அளவுக்கு வலப்புறம் சாய்ந்து, மரத்தைச் சுற்றினாற்போல மேலே ஏறுகின்றன. இடமேல் இருந்து வலக்கீழாக வெட்டினால் அவற்றைக் குறுக்கே அறுக்கலாம்; அதே நீளக் கோட்டில் அதிகக் குழாய்கள் திறக்கும். மாற்றி வெட்டினால் பால் குறையும்.

ஆழத்திலும் ஒரு கணக்கு உண்டு. பால்குழாய்கள் அடர்ந்திருப்பது பட்டையின் உள் விளிம்பில். அதை அடுத்து, மரத்துக்குப் புதுப் பட்டையை உண்டாக்கும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. உளி அந்தப் படலத்தை நெருங்க வேண்டும், தொட்டுவிடக் கூடாது. நடுவே விட வேண்டியது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஒவ்வொரு முறையும் சீவி எடுக்கும் பட்டையும் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். கை தவறிப் படலத்தில் காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், மரத்துக்கு மரம் இந்த அளவு தவறாமல் வெட்டியவர்களின் வேலையைத்தான் 'படிக்காதவர் வேலை' என்று சொல்லி வந்திருக்கிறோம்.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து ஹென்றி விக்கம் 1876-இல் சுமார் 70,000 விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவற்றின் வழியாக 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, அமேசானில் செய்ததுபோல மரத்தைக் கோடரியால் கொத்த வேண்டியதில்லை என்று காட்டினார். பழைய கோட்டின் ஓரத்தையே மெல்லியதாகச் சீவித் திறந்தால் மரமும் பிழைக்கும், பாலும் கூடும். நம் தாத்தா பாட்டிகள் உளியோடு கற்றுக்கொண்டது இதைத்தான்.

பால் தானாக ஏன் நிற்கிறது?

பால் மரத்துக்கு உணவு இல்லை. அது மரத்தின் காவல். பூச்சி பட்டையைக் கடித்தால் பால் பாய்ந்து அதன் வாயை ஒட்டிவிடும். கடித்த இடத்தையும் அடைத்துவிடும். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர் துகள்கள், மீதி பெரும்பாலும் தண்ணீர். அதனுடன் மெல்லிய தோல் போர்த்த நுண்ணிய பைகளும் மிதக்கின்றன. குழாய் வெட்டுப்பட்டுப் பால் வேகமாகப் பாயும்போது இந்தப் பைகள் உடைந்து ரப்பர் துகள்களைத் திரளவைக்கும். குழாய்களின் வாய் அடைபடும். வெட்டிய சில மணி நேரத்தில் மங்கில் சொட்டு நிற்பது இதனால்தான். கோட்டில் காய்ந்து நாடாவாக உரிந்து வருகிற ஒட்டுப்பால், மரம் தன் காயத்துக்குப் போட்டுக்கொண்ட கட்டு.

இழந்த பாலை மரம் மறுபடி உண்டாக்க இரண்டு மூன்று நாளாகும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை வந்தது இதற்காகவே. மழை நாளில் நனைந்த பட்டையில் பால் கோடு தாண்டி வழியும், மங்கில் மழைநீர் சேரும். ஆகவே வெட்டு நின்றுவிடும். நாட்கூலியில் இருந்த குடும்பத்துக்கு மழை என்றால் சம்பளம் போச்சு என்று பொருள்.

கெடாவில் இலை ஏன் கூண்டோடு உதிர்கிறது?

தீபகற்பத்தின் வடக்கே ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தெளிவான வறட்சி வரும். மண்ணில் ஈரம் குறையும்போது இலைகளை வைத்துக்கொண்டிருந்தால் மரம் நீரை இழந்துகொண்டே இருக்கும். அதனால் கித்தா மரம் மொத்த இலையையும் உதிர்க்கிறது. உதிர்வதற்கு முன் பச்சையம் சிதைய, இலை மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, சில மரங்களில் இரத்தச் சிவப்பாகும். சில வாரங்களில் செம்பு நிறத்தில் புதுத் தளிர் வரும். ஆண்டு முழுதும் மழை பெய்யும் இடங்களில் இதே மரம் இவ்வளவு ஒரே சீராக உதிர்ப்பதில்லை. தளிர்விடச் சேமிப்பைச் செலவழிக்கும் அந்த நாட்களில் பாலும் குறைந்துவிடும்.

கொட்டை ஏன் வெடிக்கிறது?

தளிரோடு பூக்கும் மரம் ஐந்தாறு மாதத்தில் காயை முற்றவிடும். காயில் மூன்று அறைகள், அறைக்கு ஒரு கொட்டை. காய் காயும்போது அதன் கட்டையான ஓட்டின் அடுக்குகள் வெவ்வேறு திசையில் சுருங்கி ஒன்றையொன்று இழுக்கும். இழுவை தாங்காத நொடியில் ஓடு 'படீர்' என்று பிளந்து, கொட்டைகளைப் பதினைந்து மீட்டருக்கு அப்பாலும் எறியும். தாய்மரத்தின் நிழலை விட்டுத் தள்ளி முளைக்க மரம் கண்ட வழி இது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆமணக்கும் மரவள்ளியும் இப்படித்தான் வெடிக்கும்.

தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு கொட்டையின் மேல் இன்னொன்றை வைத்து உள்ளங்கையால் அடிப்பார்கள். உடையாத கொட்டைக்கு வெற்றி. எந்த மரத்துக் கொட்டை கெட்டி என்று அவர்களுக்கு அத்துப்படி. அது உண்மையான அறிவு. கொட்டையின் ஓடு முழுக்கத் தாய்மரத்தின் திசுவிலிருந்து உருவாகிறது. மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தாலும் ஓட்டின் வடிவமும் அதன் மேலுள்ள புள்ளிக்கோலமும் தாயைப் போலவே இருக்கும். ஒரே மரத்துக் கொட்டைகள் எல்லாம் ஒரே சாயலில் இருப்பது இதனால்தான். 1925-இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஆர்ஆர்ஐஎம் 600 போன்ற ஒட்டு ரகங்களை உருவாக்கியது. எந்த மரம் எந்த ரகம் என்று அடையாளம் காணத் துறையினர் பார்ப்பவற்றுள் கொட்டையின் கோலமும் ஒன்று.

வீட்டிலேயே ஒரு சோதனை

அகலமான ரப்பர் பேண்டு ஒன்றை மேலுதட்டில் வைத்துச் சட்டென்று இழுங்கள். சூடு தெரியும். இழுத்தபடி சற்றுப் பொறுத்து, தளர்த்தி உடனே உதட்டில் வையுங்கள். குளிரும். 1805-இல் ஜான் காஃப் என்ற ஆங்கிலேயர் இதைப் பதிவு செய்தார். அவர் கண்பார்வை இல்லாதவர். ரப்பர் என்பது சுருண்டு கிடக்கும் மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் தொகுதி. இழுக்கும்போது அவை வரிசைப்பட்டு வெப்பத்தை வெளியிடும். விடும்போது மறுபடி தாறுமாறாகச் சுருண்டு வெப்பத்தை உள்வாங்கும்.

இன்று கூலிம் வட்டாரத்தில் கித்தா நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. மரத்தை அருகில் நின்று பார்க்காத பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். இயற்பியலும் தாவரவியலும் பாடப் புத்தகத்தில் தொடங்குவதாக அவர்கள் நினைத்தால் அது நம் தவறு. இந்தக் கட்டுரை காரணங்களைச் சொல்லியிருக்கிறது. உளியை எந்தக் கோணத்தில் பிடிப்பது, பட்டை சீவும்போது எந்தச் சத்தம் கேட்டால் நிறுத்துவது என்பதெல்லாம் வெட்டியவர்களின் கையில் இருக்கிறது. அவர்களில் பலருக்கு எழுபது, எண்பது வயதாகிவிட்டது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே பிள்ளையை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் சொல்வதை அந்தப் பிள்ளை எழுதி வைக்கட்டும்.