உங்களுக்குத் தெரியுமா? டெல்லியிலிருந்து பனிப் பள்ளத்தாக்குக்கு

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி, டெல்லியிலிருந்து குளிர்காலத்திலும் காரில் போய்ச் சேரக்கூடிய பனிப் பள்ளத்தாக்கு.

● மணாலி வழிதான் குறுக்குவழி. ஆனால் 4,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த குன்சும் கணவாயைக் குளிர்காலப் பனி மூடிவிடும். அப்போது சிம்லா, கின்னௌர் வழியே கைகொடுக்கும்.

● அந்த வழிக்கு அடிப்படை, டல்ஹவுசி பிரபு காலத்தில் 1850இல் தொடங்கிய இந்துஸ்தான்–திபெத் சாலை. சட்லெஜ் ஆற்றையொட்டி, செங்குத்துப் பாறைகளைக் குடைந்து அமைந்த பாதை இது.

● ஸ்பிதியில் உள்ள ‘பின்’ (Pin) பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா 1987இல் அறிவிக்கப்பட்டது. பனிச்சிறுத்தைக்கும் ஐபெக்ஸ் காட்டாட்டுக்கும் அது வீடு. கடும் பனியில் ஆடுகள் மேய்ச்சல் தேடிக் கீழே இறங்கும், சிறுத்தையும் பின்தொடரும். அதைக் காணக் குளிர்காலமே ஏற்ற பருவம்.

● ஸ்பிதியின் சிச்சம் கிராமத்து மக்கள் ஆழமான மலைப்பிளவைக் கம்பியில் தொங்கும் தொட்டியில் ஏறிக் கடந்துவந்தார்கள். 2017இல்தான் பாலம் வந்தது.

● ஸ்பிதி போன்ற இடங்களின் கடுங்குளிரில் சாதாரண டீசலில் உள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கும். இதற்காகவே இந்தியன் ஆயில் 2019இல் லடாக்கில் குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது.

புறப்படும் முன் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டறியுங்கள். டயருக்குச் சங்கிலி எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்துக்கு உடல் பழக வழியில் இரண்டு இரவாவது தங்குங்கள்.