சேர்த்த பிறகு வரும் சந்தேகம்: இந்தக் கல்லூரியா, அந்தக் கல்லூரியா?

பிளஸ் டூ முடிவு வந்து, விண்ணப்பங்கள் வாங்கி, நாலு இடத்துக்கு அலைந்து, பணமும் கட்டி, பிள்ளையை ஒரு கல்லூரியில் சேர்த்தாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று உட்கார வேண்டிய நேரம். ஆனால் பல வீடுகளில் அப்போதுதான் பேச்சே ஆரம்பமாகிறது. வலீமா விருந்தில் ஒரு மாமா, "அந்தக் காலேஜ்ல இடம் கிடைச்சும் இங்கேயா சேத்தீங்க?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். கூடப் படித்தவன் அந்த இன்னொரு கல்லூரியின் வாசலில் நின்று எடுத்த படத்தை ஸ்டேட்டஸ் வைத்திருப்பான். அன்று ராத்திரி முதல் அந்த வீட்டில் தூக்கமில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் ஜும்ஆ முடிந்து நம்மிடம் வரும் அத்தாமார்களில் சிலர் கேட்பதும் இதைத்தான்: "ஹஜ்ரத், தப்பு பண்ணிட்டோமா? இன்னொரு தடவை இஸ்திகாரா செஞ்சு பாத்துரட்டுமா?"

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல கல்லூரிக்கும் மோசமான கல்லூரிக்கும் நடுவில் தேர்ந்தெடுத்தவர்கள் இப்படித் தவிப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் இரண்டில் ஒன்றை எடுத்தவர்களே தவிக்கிறார்கள். வித்தியாசம் குறையக் குறையச் சந்தேகம் கூடுகிறது. நியாயமாகப் பார்த்தால் நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? இரண்டும் ஒன்றுபோல என்றால் எதை எடுத்தாலும் நட்டம் சிறிதுதானே!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'தஹாஃபுதுல் ஃபலாசிஃபா' என்ற தம் நூலில் ஓர் உதாரணம் சொல்கிறார்கள். ஒருவர் முன்னால் எல்லா வகையிலும் ஒன்றுபோல இரண்டு பேரீச்சம்பழங்கள் இருக்கின்றன. அவருக்கோ சாப்பிட ஆசை. இரண்டையும் எடுக்க முடியாது, ஒன்றைத்தான் எடுக்கலாம். எதையாவது ஒன்றை அவர் எடுத்தே தீருவார் என்கிறார்கள் இமாமவர்கள். ஒன்றுபோல இருக்கும் இரண்டில் ஒன்றைப் பிரித்து எடுப்பதுதான் நாட்டம் என்ற தன்மையின் வேலையே என்பது அவர்களின் வாதம். அல்லாஹ்வின் நாட்டத்தைப் பற்றித் தத்துவவாதிகளுடன் நடந்த பெரிய விவாதம் அது. நமக்கு வேண்டியது அந்தப் பேரீச்சம்பழங்கள் மட்டும்தான். ஒன்றை எடுத்தவர், "மற்றதை ஏன் எடுக்கவில்லை?" என்று காரணம் தேடினால் காரணமே கிடைக்காது. காரணம் கிடைக்காததைத் தவறு செய்துவிட்டதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இப்படி எழுதிய அந்த இமாமே பின்னாளில் பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் பதவியில் நீடிப்பதா, விட்டுவிட்டுப் போவதா என்று ஹிஜ்ரி 488இல் ஏறத்தாழ ஆறு மாதம் தத்தளித்தார்கள். நாவு கட்டுண்டு பாடம் நடத்த முடியாமல் போயிற்று, உணவும் இறங்கவில்லை. இதைத் தம் 'அல்முன்கிது' நூலில் ஒளிவுமறைவின்றி அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆகவே, குழம்பும் பெற்றோரை 'ஈமான் பலவீனம்' என்று யாரும் ஏசிவிட வேண்டாம்.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். திருச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி, 1844இல் தொடங்கிய தூய வளனார் கல்லூரி, 1966இல் தொடங்கிய பிஷப் ஹீபர் கல்லூரி என மூன்றும் தன்னாட்சிக் கல்லூரிகள். மூன்றுமே பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தன்னாட்சி என்றால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே அமைத்துக்கொள்ளும். பட்டத்தை வழங்குவது மட்டும் பல்கலைக்கழகம். எங்கே பி.காம். படித்தாலும் பட்டம் ஒரே பல்கலைக்கழகத்தினுடையதுதான். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு பிள்ளைகளும் ஒரே தகுதியோடு நிற்பார்கள்.

"நாக் கிரேடு வேறயா இருக்கே?" என்று கேட்பார்கள். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது. நான்குக்கு 3.51 முதல் மேலே வாங்கினால் ஏ பிளஸ் பிளஸ். 3.26 முதல் 3.50 வரை ஏ பிளஸ். ஒரு கல்லூரி 3.50, இன்னொன்று 3.52 என்றால் வித்தியாசம் 0.02 மட்டும்தான், ஆனால் கிரேடு வேறு. அதே சமயம் 3.27 வாங்கிய கல்லூரியும் 3.50 வாங்கிய கல்லூரியும் ஒரே கிரேடு. ஊரார் பேச்சில் எண் காணாமல்போய், அந்தக் கூடுதல் பிளஸ் மட்டும்தான் மிஞ்சுகிறது.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒரே கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. அரசு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என இரண்டாகப் பிரிந்து நடக்கும் கல்லூரிகள் பல. ஒரே வளாகம், அதே பெயர் கொண்ட படிப்பு. ஆனால் கட்டணம் வேறு, வகுப்பு நேரம் வேறு, ஆசிரியர்கள் வேறு. "எந்தக் கல்லூரி?" என்று மூன்று மாதம் விவாதித்த குடும்பம், "எந்தப் பிரிவு?" என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் பணம் கட்டிவிட்டு வருவதை நாம் பார்த்திருக்கிறோம். முதல் பகுதி மொழிப்பாடமாக அரபி எடுக்க முடியுமா, ஜும்ஆவுக்குப் போய்வர நேரம் இருக்குமா, விடுதிக்கும் சேர்த்து மூன்று வருடத்துக்கு என்ன செலவாகும் என்பவையெல்லாம் சேருமுன் கேட்க வேண்டியவை. நம் சமுதாயத்தில் இவற்றைக் கேட்பவர்கள் குறைவு. கல்லூரியின் வாசல் வளைவைப் பார்த்துச் சேர்ப்பவர்கள்தான் அதிகம்!

சரி, ஏன் மனம் அமைதியாவதில்லை? பொதுவாக மனித மனதுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பெண்களிடம் சில வீட்டு உபயோகப் பொருட்களைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு இரண்டு பொருட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துக்கொண்ட பின் மறுபடியும் மதிப்பிடச் சொன்னபோது, எடுத்த பொருளின் மதிப்பு ஏறியிருந்தது, விட்ட பொருளின் மதிப்பு இறங்கியிருந்தது. கைக்கு வந்ததை மனம் தானாகவே நேசிக்கத் தொடங்குகிறது. நாம் எடுத்துவந்த சேலையைப் பெட்டியில் வைத்த பிறகுதான் அதன் அழகு தெரிகிறது என்று வீட்டுப் பெண்கள் சொல்வதும் இதைத்தான்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், புகைப்படம் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் தாங்கள் எடுத்த படங்களில் இரண்டைத் தாங்களே அச்சிட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு குழுவிடம், "சில நாட்களுக்குள் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம்" என்றார்கள். இன்னொரு குழுவிடம், "கொடுத்தால் கொடுத்ததுதான்" என்றார்கள். மாற்றிக்கொள்ள வாய்ப்பிருந்தவர்களே தங்கள் படத்தைக் குறைவாக விரும்பினார்கள். கதவு திறந்தே கிடந்தால் மனம் அதன் வேலையைச் செய்வதில்லை. "பிடிக்கலன்னா சொல்லு, அங்க மாத்திடலாம்" என்று தினமும் போனில் மகனிடம் சொல்லும் அத்தா ஆறுதல் சொல்வதாக நினைக்கிறார். அந்தப் பிள்ளைக்கு வகுப்பு, விடுதி, சோறு எதுவும் பிடிக்காமல் போவதற்கு அந்த ஒரு வார்த்தையே போதும்.

மார்க்கத்தில் இதற்கு வழிகாட்டுதல் இருக்கிறதா என்றால், கல்லூரியைவிட மிகப் பெரிய விஷயத்தில் இருக்கிறது. உஹத் போருக்கு முன் மதீனாவுக்குள்ளேயே இருந்து எதிர்கொள்வது நபி (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. பத்ரில் கலந்துகொள்ள வாய்ப்புக் கிடைக்காதவர்களும் இளைஞர்களும் வெளியே சென்று போரிட வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்குள் சென்று போர்க்கவசம் அணிந்து வந்தார்கள். அதற்குள் தோழர்களுக்கு மனம் மாறிவிட்டது. "நாம் வற்புறுத்திவிட்டோமோ, உங்கள் விருப்பப்படியே செய்யுங்கள்" என்ற பொருளில் பேசினார்கள். கவசம் அணிந்த ஒரு நபி போரிடாமல் அதைக் கழற்றுவது தகாது என்று அண்ணலார் மறுத்துவிட்டார்கள். அந்தப் போரில் எழுபது பேர் ஷஹீதானார்கள். அதன் பிறகு இறங்கிய ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159ஆவது வசனம், ஆலோசனை கேட்டதைக் குறை சொல்லவில்லை. அவர்களை மன்னிக்கவும், இனியும் அவர்களிடம் ஆலோசனை கேட்கவும், உறுதி கொண்டபின் அல்லாஹ்வைச் சார்ந்திருக்கவுமே சொல்கிறது. முடிவெடுத்த முறையையும் அதன் விளைவையும் வெவ்வேறாகப் பார்க்க அந்த வசனம் கற்றுத்தருகிறது. மஷ்வரா செய்து எடுத்த முடிவு, விளைவு கசந்ததால் மட்டும் தவறான முடிவாகிவிடாது.

'லவ்' என்ற அரபிச் சொல்லுக்கு 'இப்படிச் செய்திருந்தால்' என்று பொருள். நடந்துவிட்டதைப் பற்றி அப்படிச் சொல்வது ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறக்கிறது என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. இதை வைத்து, "அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்று வாயை அடைப்பவர்களும் உண்டு. அது சரியல்ல. அதே ஹதீஸ்தான் பயன்தருவதில் ஆர்வம் காட்டுமாறும் சொல்கிறது. இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் 'லவ்' என்று சொல்ல எங்கே அனுமதி உண்டு என்பதற்கே ஒரு பாடம் அமைத்திருக்கிறார்கள். ஹஜ்ஜின்போது, பின்னர் தெரிந்தது முன்பே தெரிந்திருந்தால் பலிப்பிராணியைக் கொண்டுவந்திருக்க மாட்டேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களே பேசியிருக்கிறார்கள். அடுத்தவருக்கு வழிகாட்டப் பேசும் 'லவ்' வேறு, விதியோடு சண்டை போடும் 'லவ்' வேறு. தம்பிக்கு அடுத்த வருடம் கல்லூரி பார்க்க உதவும் என்றால் தாராளமாகப் பேசுங்கள்.

இஸ்திகாரா பற்றியும் சொல்லிவிடுவோம். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீஸில் கனவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. பச்சை கண்டேன், சிவப்பு கண்டேன் என்று கணக்குப் பார்ப்பதற்கு அதில் இடமில்லை. நன்மையானால் எளிதாக்கவும், தீமையானால் திருப்பிவிடவும், நன்மை எங்கிருந்தாலும் அதை விதிக்கவும் கேட்கிறோம். கடைசியாகக் கேட்பது அதில் மனநிறைவை. பிள்ளையைச் சேர்த்துப் பணம் கட்டிய பிறகு, தேடுவதற்காக மறுபடி மறுபடி இஸ்திகாரா செய்பவர்கள், அந்தத் துஆவின் கடைசி வரியில் தாங்கள் என்ன கேட்டோம் என்பதைப் பொருளோடு ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

அப்படியானால் மாறவே கூடாதா? மாறலாம், சில நேரம் மாறியே ஆக வேண்டும். சேரும்போது தெரியாத ஏதாவது இப்போது தெரிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சொன்ன கட்டணம் ஒன்று, கேட்கும் கட்டணம் வேறு என்றால் அது புதிய செய்தி. பிரிவையே மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றாலும் அப்படித்தான். ராகிங் நடக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் 1997 முதலே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, புகார் செய்யுங்கள். பிள்ளை தேர்ந்தெடுத்த பாடமே அவனுக்கு ஒத்துவரவில்லை என்பதும் உண்மையான காரணம்தான், ஆனால் அது கல்லூரியின் பிரச்சினை அல்ல. அப்துல் கலாம் தூய வளனார் கல்லூரியில் பி.எஸ்.ஸி. பட்டம் பெற்ற பிறகுதான், இயற்பியல் தம் துறையல்ல, பொறியியல் படித்திருக்க வேண்டும் என்று உணர்ந்ததாக 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்கிறார். அவர் பட்டத்தை 1954இல் முடித்தார், அதைக் கொண்டே சென்னை எம்.ஐ.டி.யில் விண்ணப்பித்தார். அங்கே சேர வேண்டிய பணத்துக்குச் சகோதரி ஜொஹரா தம் நகைகளை அடகு வைத்தார்.

மாமா சொன்னது, ஸ்டேட்டஸில் பார்த்தது, முதல் பத்து நாள் வீட்டு ஏக்கம் இவையெல்லாம் புதிய செய்திகள் அல்ல. அறுவர் தங்கும் விடுதி அறையில் முதல் மாதம் யாருக்கும் சுகமாக இருந்ததில்லை. மதரஸாவில் ஓதிய நமக்கும் இது நன்றாகவே தெரியும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்தச் சந்தேகம் இன்னொரு பாதையில் போகிறது. மகன் என்றால் "இந்தக் காலேஜா, அந்தக் காலேஜா?" என்று கிடக்கும் பேச்சு, மகள் என்றால் மூன்றாவது ஒரு வழியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது: "ரெண்டும் வேணாம், வீட்லயே இருக்கட்டும்." ஒப்பிட்டது இரண்டு கல்லூரிகளை, இழந்தது படிப்பையே. பஸ் சரியில்லை என்றால் பஸ்ஸுக்கு வழி பாருங்கள். விடுதி சரியில்லை என்றால் வார்டனைப் பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து வந்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. படிப்பை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும்.

உண்மையான காரணம் இருந்து மாறுவதானால் சீக்கிரம் மாறுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டங்கள் வெவ்வேறாக இருப்பதால், ஒரு வருடம் கழித்து மாறுபவர் அங்கே எழுதாத தாள்களை இங்கே எழுத வேண்டிவரலாம். பணத்துக்கும் காலக்கெடு இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாட்களோ அதற்கும் மேலோ முன்பாக விலகினால், ஒரு சிறு பிடித்தம் போக முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்க வேண்டும். அதற்குப் பிந்தி, ஆனால் கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி கழிந்து 15 நாட்களுக்குள் 80, பதினாறிலிருந்து முப்பது நாட்களுக்குள் 50, அதன் பிறகு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் மானியக் குழு இன்னும் தாராளமான தேதிகளை அறிவித்ததுண்டு, ஆகவே அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. "ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துட்டோம்" என்பது போதாது. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் கல்லூரி முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாட்களை எண்ணும்போது கணக்கில் நிற்பது அந்தத் தேதிதான்.