ஒரு சிசுவுக்கு 5.3 டாலர்

மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறது கட்சிரோலி மாவட்டம். காடும் கோண்டு பழங்குடிகளும் நிறைந்த பகுதி. 1986இல் அங்கே ‘சர்ச்’ அமைப்பைத் தொடங்கிய மருத்துவத் தம்பதி அபய் பாங், ராணி பாங். பச்சிளங்குழந்தையை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று 39 கிராமங்களில் அவர்கள் பரிசோதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க 47 கிராமங்கள் பழையபடியே விடப்பட்டன. முடிவுகள் 1999இல் ‘லான்செட்’ இதழில் வந்தன.

1993–95இல் அந்த 39 கிராமங்களில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் 62 பேர் முதல் 28 நாட்களுக்குள் இறந்துபோனார்கள். பணி தொடங்கிய மூன்றாம் ஆண்டில் அது 25.5. மற்ற 47 கிராமங்களில் 58ஆக இருந்தது 59.6 ஆனது. காலம் மாறியதால் தானாகக் குறைந்தது என்று சொல்ல வழியில்லை.

இதைச் செய்தவர்கள் 5 முதல் 10ஆம் வகுப்புவரை படித்த உள்ளூர்ப் பெண்கள். எடை பார்க்கும் தராசு, தெர்மாமீட்டர், மூச்சுத் திணறும் சிசுவுக்குக் காற்றூட்டும் பை, இவற்றோடு ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசி. இந்தக் கடைசிப் பொருள்தான் முக்கியம். கிருமித் தொற்று இரத்தத்தில் பரவும் செப்சிஸ் வந்த சிசுக்களில், சிகிச்சை தொடங்குமுன் 163 பேரில் 16.6 சதவீதம் மரணம். அதாவது 27 உயிர். அந்தப் பெண்கள் ஊசி போடத் தொடங்கியபின் 71 பேரில் 2.8 சதவீதம், 2 உயிர்.

செலவு, ஒரு சிசுவுக்கு 5.3 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 200 ரூபாய். 1997–98இல், வயிற்றிலேயே இறப்பதையும் சேர்த்து, பராமரித்த 18 சிசுக்களுக்கு ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது. பெருக்கினால் ஓர் உயிருக்கு 95 டாலர் சொச்சம், ரூபாயில் 3,600 போல. குளிரூட்டிய வார்டில் ஒருநாள் வாடகைக்கே இதைவிட அதிகம் கேட்கும் நகரங்கள் உண்டு.

2011இல் மத்திய அரசு இந்த வீட்டுப் பராமரிப்பை ‘ஆஷா’ எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களிடம் ஒப்படைத்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு 6 வருகை, வீட்டில் பிறந்ததற்கு 7. முழுவதும் முடித்தால் ஊக்கத்தொகை 250 ரூபாய். ஒரு வருகைக்கு 42 ரூபாய்கூட வராது. ஏழு தடவை போனால் தடவைக்குச் சுமார் 36 ரூபாய். ஆற்றைத் தாண்டிப் போனாலும் அதே தொகைதான்.

ஊக்கத்தொகையில் காட்டிய கஞ்சத்தனத்தைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஊசி ஆஷாவின் கைக்கு வரவில்லை. 2014இல் கிராம செவிலியருக்கு, மேல்சிகிச்சைக்கு அனுப்ப முடியாத நிலையில் மட்டும், ஜென்டாமைசின் போட அனுமதி கிடைத்தது. ஆனால் செவிலியர் பல கிராமங்களுக்குப் பொது; ஆஷா அந்தத் தெருவிலேயே வசிப்பவர். பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் நாள் கணக்கில் காத்திருக்க முடியாது.

நாடு முழுதும் முதல் 28 நாட்களுக்குள் நேரும் சிசு மரணம் 2011இல் ஆயிரத்துக்கு 31, 2020இல் 20. ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியதற்கும் இதில் பங்குண்டு. ஆனால் வாகனம் போகாத ஊர்களில் ஊசி போடத் தெரிந்த ஆஷாவை உருவாக்குவதும், வருகைக் கூலியைத் தூரத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப உயர்த்துவதும் இனியும் தள்ளிப்போட வேண்டிய செலவுகள் அல்ல.