தொலைக்கல்விக்குக் கடன்: கையொப்பமிடும் முன் ஒரு கணக்கு

திருகோணமலை மாவட்டத்தில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் சித்தியடையும் பிள்ளைகளில் பலருக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைப்பதில்லை. நாடு முழுவதிலும் இதுவே நிலை. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்ட பிள்ளை படிக்கத் தகுதியற்ற பிள்ளை அல்ல. இடம் போதவில்லை, அவ்வளவுதான். இவர்களுக்கும், தொழில் பார்த்துக்கொண்டே படிக்க விரும்பும் ஆசிரியர், தாதியர் போன்றோருக்கும் திறந்திருக்கும் வழி தொலைக்கல்வி. ஆனால் அதற்குப் பணம் வேண்டும். அதைக் கடனாகப் பெறலாமா? பெறுவதானால் எப்படிப் பெறுவது? இதை நாம் சற்று ஆராய்வோம்.

எதற்குப் பணம்?

1945ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் கல்வி இலவசம். அரச பல்கலைக்கழகத்துக்குள் அனுமதி பெற்ற மாணவர் கற்பித்தற் கட்டணம் செலுத்துவதில்லை. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் அரசுக்குரியதே. எனினும் அங்கே மாணவரே கட்டணம் செலுத்த வேண்டும். வெளிவாரிப் பட்டங்களுக்கும் அப்படியே.

இதில் ஒரு வசதி உண்டு. திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கான முழுத்தொகையையும் ஒரே தடவையில் கட்டத் தேவையில்லை. அந்தந்த ஆண்டில் எடுக்கும் பாடங்களுக்குப் பதிந்து, அவற்றுக்குரிய கட்டணத்தைச் செலுத்தலாம். ஆகவே முழுப் பட்டத்துக்கும் சேர்த்துப் பெருங்கடன் எடுக்க வேண்டாம். ஓர் ஆண்டுக்கு மட்டும் எடுங்கள். அதை அடைத்த பின் அடுத்ததைப் பற்றி யோசியுங்கள்.

கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. மட்டக்களப்பிலுள்ள பிராந்திய நிலையத்துக்குப் போய்வரும் பஸ் செலவு, தங்கும் செலவு, இணைய வசதி, ஒப்படைகளுக்கான செலவு ஆகியவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். பாடத்தில் தவறினால் மீண்டும் பதிய வேண்டும். அதற்கும் பணம் வேண்டும்.

எங்கே கடன்?

அரசு 2017இல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டமொன்றைத் தொடங்கியது. வட்டியை அரசு ஏற்க, மாணவர் முதலை மட்டும் திருப்பிச் செலுத்துவது அதன் முறை. ஆனால் அது அங்கீகாரம் பெற்ற அரசு சாராத நிறுவனங்களின் பட்டப்படிப்புகளுக்காக வகுக்கப்பட்டது. திறந்த பல்கலைக்கழகத்துக்கும் அது கிடைக்கும் என்று எண்ணிப் பதிந்துவிட வேண்டாம்.

மற்ற வழிகள் வங்கிக் கடன், கூட்டுறவுச் சிக்கனக் கடன், நகை அடகு, வீடு தேடி வரும் நுண்கடன் ஆகியவை. கடைசியாகச் சொன்னதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நுண்கடன் சுமை தாங்காமல் பெண்கள் பட்ட துன்பம் காரணமாக, 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் அரசே தலையிட்டுக் கடன் நிவாரணம் வழங்க நேர்ந்ததை நாம் மறக்கலாகாது.

இங்கிலாந்தில் 2012 முதல் தொலைக்கல்வியில் படிப்போருக்கும் கட்டணக் கடன் உண்டு. வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும்வரை அவர்கள் எதுவும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. நம்மிடமுள்ள சாதாரண வங்கிக் கடன் அப்படியல்ல. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை வரும். மாணவரால் முடியாவிட்டால் பிணை நின்றவர் கட்ட வேண்டும்.

வட்டியைப் புரிந்துகொள்வோம்

ஓர் உதாரணம். 1,00,000 ரூபா கடன், 24 மாதம், ஆண்டுக்கு 15 வீத வட்டி என வைத்துக்கொள்வோம். முதற்தொகை முழுவதற்கும் கடைசிவரை வட்டி கணிக்கப்பட்டால் வட்டி 30,000 ரூபா. மாதத் தவணை ஏறத்தாழ 5,417 ரூபா. மாதந்தோறும் எஞ்சியிருக்கும் தொகைக்கு மட்டும் வட்டி கணிக்கப்பட்டால் தவணை ஏறத்தாழ 4,849 ரூபா. மொத்த வட்டி 16,400 ரூபாவுக்குள் அடங்கும். இரண்டும் “15 வீதம்” என்றே சொல்லப்படும். வித்தியாசமோ 13,000 ரூபாவுக்கு மேல்! ஆகவே “வீதம் எவ்வளவு?” என்று மட்டும் கேளாமல், “எல்லாத் தவணையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?” என்று கேளுங்கள்.

தவணை நாளும் முக்கியம். நம் கரையில் வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். பல நாட்கள் தோணி இறங்காது. தம்பலகாமத்து விவசாயிக்கு அறுவடையின் பின்பே கையில் காசு. மாதச் சம்பளக்காரருக்கு வகுத்த தவணை இவர்களுக்குப் பொருந்தாது. அறுவடைக்குப் பின் கட்ட இயலுமா, முற்கூட்டி அடைத்தால் தண்டம் உண்டா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கையொப்பமிடும் முன்

1. வெளிநாட்டு அல்லது இணையவழிப் பட்டமானால், அதன் அங்கீகாரம் பற்றிப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள். அங்கீகாரமற்ற பட்டத்துக்கு எடுத்த கடனும் கடனே.

2. உதவிப்பணம் ஏதும் உண்டா, கட்டணத்தைத் தவணையாகச் செலுத்தலாமா என்று கல்வி நிறுவனத்திடம் கேளுங்கள்.

3. வீட்டு உறுதியை ஈடு வைக்காதீர்கள்.

4. மாதத் தவணையை மூன்று மாதம் சேமித்துப் பாருங்கள். சேமிக்க முடிந்தால் கட்டவும் முடியும்; அந்தச் சேமிப்பு கடனையும் குறைக்கும்.

5. விளங்காத மொழியிலுள்ள பத்திரத்தில் ஒப்பமிடாதீர்கள். தமிழில் விளக்கம் கேளுங்கள்.

கடன் வாங்கிப் படிப்பது இழிவல்ல. கல்யாணச் செலவுக்குத் தயங்காமல் கடன்படும் நாம், பிள்ளையின், அதிலும் பெண் பிள்ளையின், படிப்புக்குக் கடன்படத் தயங்குகிறோம். அந்தத் தயக்கம் நீங்கட்டும். ஆனால் கணக்குப் போட்ட பின்னரே பேனையைக் கையிலெடுப்போம்.