நில அளவரின் காந்த ஊசி

நிலத்தில் ஒரு கோடு எத்தனை சங்கிலி நீளம் என்று அளந்துவிட்டால் மட்டும் போதாது; அது வடக்கிலிருந்து எவ்வளவு விலகி ஓடுகிறது என்பதும் தெரிந்தால்தான் படத்தில் அதை உரிய ஸ்தானத்தில் வரைய முடியும். அந்த விலகலைக் கோணமாக அறிய நில அளவர்கள் கையாண்டுவந்த திசைகாட்டிகளில் இரண்டு பிரதானமானவை.

ஷ்மால்கால்டர் என்பவர் 1812-இல் லண்டனில் காப்புரிமை பெற்ற பட்டகத் திசைகாட்டியில், பாகைகள் பொறித்த வளையம் ஊசியோடு இணைந்திருப்பதால், பெட்டியை எப்பக்கம் திருப்பினாலும் வளையம் திரும்புவதில்லை. எதிரிலுள்ள கம்பத்தைக் குறிபார்க்கும் அதே கணத்தில், கண்ணருகிலுள்ள பட்டகம் பாகை எண்ணையும் காட்டிவிடுகிறது. வடக்கே நோக்குபவரின் கண் தெற்குப் பக்கத்தில் இருக்குமாதலால், பூஜ்யத்தைத் தென்முனையில் வைத்திருக்கிறார்கள். கையில் ஏந்தியே இதை உபயோகிக்கலாம்.

மற்றொன்று, முக்காலியின்மேல் நிறுத்த வேண்டிய சர்வேயர் திசைகாட்டி. இதில் வளையம் பெட்டியோடு சேர்ந்து திரும்ப, ஊசி மட்டும் நிலைத்து நிற்கும். முதன்முதலாகப் பார்ப்பவர், கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருப்பதைக் கண்டு, செய்தவன் பிழையென்றே எண்ணுவார். ஆனால் குறிபார்க்கும் கோட்டைக் கிழக்கே, அதாவது வலப்புறம், திருப்பும்போது பெட்டிக்குள் ஊசி இடப்புறம் நகர்ந்ததுபோலத் தோன்றுமல்லவா? அங்கே 'கிழக்கு' என்று பொறித்திருந்தால்தான் ஊசிமுனை உண்மையைச் சொல்லும். இத்துணை எளிய உபாயத்தால் ஒரு பெரிய குழப்பத்தைத் தவிர்த்த அந்தப் புத்தியை நான் வியக்காத நாளில்லை.

இருப்பினும் ஊசி காட்டுவது காந்த வடக்கேயன்றி மெய்வடக்கு அன்று. அவ்விரண்டின் வித்தியாசம் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். பக்கத்தில் இரும்பு இருந்தாலோ ஊசி அதன் வசமாகிவிடும். ஆகவே ஒரே கோட்டை இரு முனைகளிலிருந்தும் குறிபார்த்து, இரு திசைக்கோணங்களும் சரியாக 180 பாகை வேறுபடுகின்றனவா என்று சோதிப்பது நில அளவரின் நித்திய கடமை.

இந்தத் தொல்லையினாலேயே அமெரிக்க நில அளவர் வில்லியம் பர்ட், சூரியனைக் கொண்டு மெய்வடக்கை அறியும் திசைகாட்டியொன்றை அமைத்து, 1836-இல் காப்புரிமை பெற்றார். 1844 செப்டம்பர் 19 அன்று மிச்சிகனில் டீல் ஏரியருகே அவர் குழுவினர் அளந்துகொண்டிருக்கையில், காந்த ஊசி திடீரென்று தாறுமாறாக விலகிற்று. காரணத்தைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தவர்கள் கையில் இரும்புத் தாது அகப்பட்டது. சுபீரியர் ஏரிப் பிரதேசத்தின் இரும்புச் சுரங்கத் தொழில் அந்தச் சுற்றுவட்டாரத்திலேதான் தொடங்கிற்று.