தொகுதியும் பகுதியும்

ஒரு மருத்துவமனையில் ஓராண்டில் எத்தனை குழந்தைகள் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றனர் என்பதை அதன் ஏடுகளைப் புரட்டினாலே அறியலாம். ஆயினும் அந்த எண் அங்கு வந்து சேர்ந்தவர்களைக் குறிப்பதேயன்றி, அவ்வூரில் நோயுற்ற அனைவரையும் குறிப்பதன்று. பள்ளிக் கணக்கின் மொழியில் சொன்னால், மருத்துவமனையிடம் பின்னத்தின் தொகுதி மட்டுமே உண்டு, பகுதி கிடையாது. எல்லை வகுக்கப்பட்ட ஒரு நிலப்பரப்பில் வாழும் குழந்தைகளுள் புதிதாக நோய் கண்டறியப்பட்ட ஒவ்வொருவரையும், அவர் எங்கே சிகிச்சை பெற்றாலும், ஒரே ஒரு முறை பதிந்து, அத்தொகையை அங்குள்ள குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்து நோய் நிகழ்வு வீதத்தைக் காண்பதே மக்கள்தொகை சார்ந்த பதிவேட்டின் பணி.

15 வயதுக்குட்பட்ட 10 லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 140 பேருக்கே புற்றுநோய் வருகிறது என்று பன்னாட்டுப் பதிவேடுகள் காட்டுவதால், பத்துப் பேர் விடுபட்டாலும் வீதம் புரண்டுவிடும். பெரியவர்களின் புற்றுநோயை நுரையீரல், வயிறு என்று உறுப்பைக் கொண்டு வகைப்படுத்துவது வழக்கம். குழந்தைகளுக்கோ, நோய் எவ்வகைச் செல்லில் தோன்றியது என்பதைக் கொண்டு 12 பெரும் பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன.

இக்கணக்கின் வலிமையை நியூரோபிளாஸ்டோமாவின் வரலாற்றைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது. பரிவு நரம்பு மண்டலத்தின் முதிராச் செல்களில் தோன்றும் இக்கட்டி வெளியிடும் சில வேதிப்பொருள்கள் சிறுநீரில் கலப்பதால், ஜப்பான் 1980களின் நடுப்பகுதியில் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரை நாடு முழுவதும் சோதிக்கத் தொடங்கியது. இவ்வாறு கண்டறியப்பட்ட குழந்தைகளில் அநேகமாக அனைவரும் பிழைத்ததால், மருத்துவமனைக் கணக்கில் அது பெரும் வெற்றியாகத் தோன்றியது. அது உண்மையான வெற்றிதானா என்று அறிய, கனடாவின் கியூபெக்கிலும் ஜெர்மனியின் ஆறு மாநிலங்களிலும் ஆய்வாளர்கள் இச்சோதனையை நடத்தி, அவற்றைச் சோதனை நடக்காத இடங்களோடு ஒப்பிட்டனர்; ஜெர்மனியில் இதற்குக் கைகொடுத்தது, 1980 முதல் மைன்ஸ் நகரில் இயங்கிவரும் தேசியக் குழந்தைப் புற்றுநோய்ப் பதிவேடு. 2002இல் வெளியான இரு முடிவுகளும் ஒன்றையே கூறின: சோதனையால் நோயாளிகளின் எண்ணிக்கை கூடியது, இறப்பு குறையவில்லை. தாமாகவே கரைந்து மறைந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காகப் பல பச்சிளங்குழந்தைகள் அறுவைக்கும் கீமோதெரபிக்கும் ஆளாகியிருந்தனர். ஈராண்டுக்குள் ஜப்பான் அத்திட்டத்தைக் கைவிட்டது.

அங்கே தொகுதி வீங்கியிருந்தது. இந்தியாவில் அது சுருங்கிக் கிடக்கிறது என்று ஐயுறக் காரணம் உண்டு. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1981 முதல் இயங்கும் சென்னைப் பதிவேட்டின் பணியாளர்கள், தகவல் தம்மைத் தேடிவரும் என்று காத்திராமல், மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் சென்று குறிப்பெடுத்து, இறப்புப் பதிவுகளோடும் ஒப்பிடுகின்றனர். சிகிச்சைக்காக மட்டும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் கணக்கில் சேர்வதில்லை. ஓராண்டேனும் அங்கு குடியிருந்திருக்க வேண்டும். ஒரே குழந்தை மூன்று மருத்துவமனைகளில் மூன்று விதமான எழுத்துக்கூட்டலோடும் இடம் மாறிய இனிஷியலோடும் பதிவாகியிருப்பதைக் கண்டுபிடிப்பது, வெளியே தெரியாத பெரும் உழைப்பு.

இவ்வளவு தேடியும், இந்தியப் பதிவேடுகளில் ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளைவிட மிகுதியாகவே காணப்படுகின்றனர். உலகெங்கும் சிறுவர்களுக்கே இந்நோய் சற்று அதிகம் என்பது உண்மைதான். எனினும் செல்வ நாடுகளில் சிறிதாகவுள்ள அவ்வேறுபாடு இங்கே விரிவதையும், சென்னையைவிட டெல்லியில் மேலும் விரிவதையும் உடலியலால் மட்டும் விளக்கிவிட இயலாது. நோய் இன்னதென்று அறியப்படாமலே போன சிறுமிகள் தொகுதியில் இல்லை, பகுதியில் இருக்கிறார்கள்.