மொபெட்டில் நெடும் பயணமா? மூட்டை கட்டும் முன் உடம்பைக் கவனியுங்கள்!

"மொபெட்டை எடுத்துக்கிட்டு, டென்ட்டைக் கட்டிக்கிட்டு ராமேஸ்வரம் வரைக்கும் போயிட்டு வரப் போறேன்!"

லீவில் வந்திருக்கும் உங்கள் பிள்ளை இப்படிச் சொல்லலாம். ரிட்டயர் ஆன கையோடு உங்கள் வீட்டுக்காரரே சொல்லலாம். ஏன், நீங்களே கூடக் கிளம்பலாம்! "இந்த வண்டியிலா?" என்று சிரிக்காதீர்கள். பெடலோடு வந்த லூனா 1972-ல் அறிமுகமானது. ஓசூரிலிருந்து 1980-ல் வந்த டி.வி.எஸ்.50, இரண்டு பேர் உட்காரும் மொபெட்டாகப் பெயர் வாங்கியது. அன்றிலிருந்து பால் கேன், வாழைத்தார், காய்கறி மூட்டை என்று எல்லாவற்றையும் சுமந்து பழகிய வண்டி இது. ஒரு டென்ட்டைச் சுமக்காதா?

வண்டி சுமக்கும். உங்கள் முதுகும் மணிக்கட்டும் சிறுநீரகமும் தாங்குமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான தொல்லைகளை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தடுத்துவிடலாம்.

முதலில் நாளைக் குறியுங்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராமேஸ்வரம் போவதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம், தொண்டி, ராமநாதபுரம் என்று போனால் சுமார் 600 கிலோ மீட்டர். கார்க்காரர் ஒரே நாளில் போய்விடுவார். மொபெட்டில் 4 நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 150 கிலோ மீட்டர் போதும். மணிக்கு 35, 40 என்று ஓட்டினால் ஓட்டும் நேரம் 4 மணி நேரம்தான். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, 11 மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிடலாம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் 2 மணியிலிருந்து 4 மணி வரை கண் தானாகச் சொக்கும். அந்த நேரத்தில் வண்டியில் இருக்காதீர்கள். மர நிழலில் துண்டை விரித்துப் படுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் சித்திரை வெயிலிலும் இந்தப் பயணம் வேண்டாம். தை, மாசி மாதங்களே நல்லது.

மூட்டையின் கணக்கு

உங்கள் வண்டி எத்தனை கிலோ சுமக்கும் என்று வண்டியோடு தந்த புத்தகத்தில் போட்டிருக்கும். அதில் உங்கள் எடையும் சேர்த்தி என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தக் கணக்கில் மிச்சம் நிறைய இருந்தாலும், சாமான் 20 கிலோவைத் தாண்ட வேண்டாம். சுமை கூடினால் பிரேக் பிடித்த பிறகும் வண்டி சற்றுத் தள்ளிப் போய்த்தான் நிற்கும்.

எதை எங்கே வைப்பது? கனமான தண்ணீர் கேன், டூல்ஸ், அரிசி, பாத்திரம் எல்லாம் முன்னால் கால் வைக்கும் பலகையில், தாழ்வாக. ஆனால் முழங்கால்கள் அகன்று போகிற அளவுக்கு அடைக்காதீர்கள். இரண்டு மணி நேரம் காலை அகட்டி உட்கார்ந்தால் இடுப்பு கழன்று போகும்! லேசான டென்ட், பாய், துணிமணி எல்லாம் பின் கேரியரில். ஹேண்டில்பாரில் ஒரு பை கூட வேண்டாம். வண்டியைத் திருப்பும்போது அந்தக் கனத்தைத் தாங்குவது உங்கள் மணிக்கட்டும் தோளும்தான். முதுகிலும் பை மாட்டாதீர்கள். முதல் நாள் தெரியாது. இரண்டாம் நாள் கழுத்தைத் திருப்ப முடியாது.

கட்டுவதற்குப் பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். கயிறு குலுங்கிக் குலுங்கித் தளர்ந்துவிடும், ட்யூப் இறுகப் பிடிக்கும். தொங்கும் நுனி எதையும் விடாதீர்கள். கயிற்று நுனி, துண்டு, துப்பட்டா, சேலைத் தலைப்பு எது சக்கரத்தில் சிக்கினாலும் ஆபத்துதான். சைலன்சர் பக்கம் டென்ட் துணி உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் கட்டிய பிறகு, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், அதே சுமையோடு 30 கிலோ மீட்டர் ஓட்டிப் பாருங்கள். எது ஆடுகிறது, உடம்பில் எங்கே வலிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

வண்டிக்கு ஸ்பேர் பிளக், பிளக் ஸ்பேனர், ஆக்ஸிலேட்டர் கேபிள், பிரேக் கேபிள், ஒரு ட்யூப், பஞ்சர் சாமான், காற்றடிக்கும் பம்ப் போதும். டயரில் காற்றை வண்டி சூடாகும் முன், காலையிலேயே பார்க்க வேண்டும்.

விரல் மரத்துப்போகிறதா?

சின்ன எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக நேரே உள்ளங்கைக்கு வருகிறது. பிடியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க, மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்புகள் அழுந்துகின்றன. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போவது அதனால்தான். சிலருக்குக் கட்டை விரல் பக்கம் மரத்துப்போகும். கைப்பிடிக்கு மெத்தென்ற உறை போடுங்கள். குஞ்சைப் பிடிப்பது போல லேசாகப் பிடியுங்கள். 45 நிமிஷத்துக்கு ஒரு முறை நிறுத்திக் கையை உதறுங்கள், இடுப்பைப் பின்னால் வளையுங்கள், பத்தடி நடந்துவிட்டு வாருங்கள். எஞ்சினும் ஆறும், நீங்களும் ஆறுவீர்கள். ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகியும் மரப்பு போகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

மூலம் உள்ளவர்கள் சீட்டில் இரண்டாக மடித்த பருத்தித் துண்டைப் போட்டு உட்காரலாம். வழியில் பரோட்டாவையே நம்பாமல் கொய்யா, வாழைப்பழம், கீரை என்று தேடிச் சாப்பிடுங்கள்.

தண்ணீர் குடிக்க யோசிக்காதீர்கள்

"வழியில பாத்ரூம் போக இடமில்லையே" என்று தண்ணீரே குடிக்காமல் வண்டி ஓட்டுபவர்கள் எத்தனை பேர்! குறிப்பாகப் பெண்கள். காற்று முகத்தில் அடிப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும். உடம்பிலிருந்து நீர் போவதே தெரியாது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். அதை அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று, எரிச்சல் என்று பயணமே நரகமாகிவிடும். பெட்ரோல் பங்க், ஓட்டல், பஸ் ஸ்டாண்ட் எங்கே நின்றாலும் முதலில் போய்விட்டு வாருங்கள்.

பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து இருக்கட்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். "கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கட்டுமே" என்று அரை லிட்டரில் கரைப்பது கெடுதல். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி அளந்து போடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் குடிக்காதீர்கள்.

தலை சுற்றி, வாந்தி வந்து, பேச்சு குழறி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்ப மயக்கம். நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். சுயநினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சர்க்கரைக்காரர்களுக்கு

இன்சுலினை சீட்டுக்கு அடியில் வைத்தால் வெயிலில் கெட்டுவிடும். நேரே ஐஸ் மேல் வைத்தால் உறைந்து வீணாகும். ஈரத்துணி சுற்றிய டப்பாவில், வெயில் படாமல் எடுத்துப் போங்கள். இரவில் ஈர மணல் நிரப்பிய சின்ன மண் சட்டி கூட உதவும். மாத்திரை போட்டுவிட்டு டிபனைத் தள்ளிப் போடாதீர்கள். கை நடுங்கினால், வியர்த்தால் உடனே வண்டியை நிறுத்தி 3 ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிடுங்கள். கால் மணி நேரம் உட்கார்ந்து, ஏதாவது சாப்பிட்டு, தெளிந்த பிறகே வண்டியைத் தொடுங்கள்.

சளிக்கும் அரிப்புக்கும் போடும் மாத்திரைகள் பலவும் தூக்கத்தைத் தரும். அவற்றைப் போட்டால் அன்று வண்டி ஓட்டாதீர்கள்.

பெட்ரோலும் சைலன்சரும்

பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போகாதீர்கள். டென்ட்டில் இருட்டில் தாகத்துக்கு எடுத்துக் குடித்துவிட்டால்? ட்யூப் போட்டு வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். பெட்ரோல் ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலே கடுமையான நிமோனியா வரும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கெண்டைக்காலில் சைலன்சர் சுட்டுவிட்டதா? 20 நிமிஷம் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். இங்க், பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

டென்ட்டை எங்கே போடுவது?

கேட்காமல் எங்கும் போடாதீர்கள். சத்திரம், பெட்ரோல் பங்க், தோப்புக்காரர் வீடு என்று யாரிடமாவது அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம். அங்கே வனத்துறையைக் கேட்காமல் தங்கக் கூடாது. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பகலில் பார்த்துவிட்டு, இருட்டும் முன் ராமேஸ்வரம் திரும்பிவிடுங்கள்.

தென்னை மரத்தடி வேண்டாம். காய் விழும்! வைக்கோல் போர், கல் குவியல், புதர் ஓரமும் வேண்டாம். எலி வரும் இடத்துக்குப் பாம்பும் வரும். டென்ட்டின் ஜிப்பை மூடியே வையுங்கள். இரவில் வெளியே போனால் டார்ச் அடித்துப் போங்கள். காலையில் ஷூவை உதறிப் போடுங்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கையையோ காலையோ அசைக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போக வேண்டும்.

மழை வந்தாலும் டென்ட்டுக்குள் ஸ்டவ் பற்ற வைக்கக் கூடாது. தீப்பிடிப்பது ஒரு பயம். கார்பன் மோனாக்ஸைடு இன்னொரு பயம். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

திரும்பி வந்த பிறகு வரும் காய்ச்சல்

பலருக்கும் தெரியாத விஷயம் இது. புல்லிலும் புதரிலும் கண்ணுக்கே தெரியாத ஒரு வகை உண்ணிப் பூச்சியின் குஞ்சுகள் இருக்கும். அவை கடித்தால் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் வரலாம். தமிழ்நாட்டில் மழைக்குப் பின், குளிர் மாதங்களில் இது அதிகம். கடித்தது வலிக்காது. ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி என்று ஆரம்பிக்கும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு மடிப்பு போன்ற இடத்தில் பீடி சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கலாம். எல்லோருக்கும் அது தெரியாது.

வெறும் தரையில் படுக்காமல் விரிப்பைப் போடுங்கள். முழுக்கை, முழுக்கால் சட்டை அணியுங்கள். புல்லில் துணி காயப் போடாதீர்கள். பூச்சி விரட்டும் க்ரீம் தடவுங்கள். தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள்.

சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் விலை குறைந்த டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதித்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால், ஊர் திரும்பிய மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்துக் கிடக்காதீர்கள். டாக்டரிடம் போய், அவர் கேட்கும் முன்பே நீங்களாகச் சொல்லுங்கள்: "டாக்டர், டென்ட் போட்டுப் புல் தரையில் படுத்திருந்தேன்." அந்த ஒரு வரி உங்கள் உயிரையே காப்பாற்றலாம்.